இடப்பக்கம், கீழே

பொன்மலர் இறந்தபின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய நல்ல மனசைப் பற்றிச் சொன்னார்கள். சத்துவாச்சாரி ஆலயத்துப் பெண்கள் அவள் பாடும் குரலைச் சொன்னார்கள். கூட வேலை பார்த்த காவலர்கள், யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் டூட்டி மாற்றிக்கொள்வாள் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவள் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கையை நான் பார்த்தவன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. எழுதத்தான் முடிகிறது.

2002இல் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அவள் ஆயுதப்படையில் இரண்டாம் நிலைக் காவலர். நான் அதே படையின் அலுவலகத்தில் காக்கி போடாத இளநிலை உதவியாளர். சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில், செலவான தோட்டாக்களின் வெற்று உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கொண்டுவர என்னைத்தான் அனுப்புவார்கள். ஓர் உறை குறைந்தாலும் புல்லுக்குள் மண்டியிட்டுத் தேட வேண்டும். சுடுதளம் ஒரு மொட்டை மலையின் அடிவாரத்தில் இருந்தது. காலை ஒன்பது மணிக்கே பாறை கொதிக்கும். வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும்போது முதுகில் யாரோ தட்டுவதுபோல இருக்கும்.

பொன்மலர் போலீசுக்கு வருவதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தவள். உயரம் கம்மி, ஒல்லியான உடம்பு. கனமான ரைஃபிளைத் தோளில் வைத்து அவள் வருடாந்திரப் பயிற்சியில் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, எங்கள் இன்ஸ்பெக்டர் அவள் பெயரை மண்டலப் போட்டிக்கான பிஸ்டல் அணியில் சேர்த்தார். அந்த அணியில் அதற்கு முன் பெண்கள் யாரும் இருந்ததில்லை.

அணியில் மற்றவர்களிடம் ஆளுக்கொரு பிஸ்டல் ஏற்கெனவே இருந்தது. மிச்சமிருந்தது பதினேழாம் நம்பர் பிஸ்டல். அதை அவளிடம் கொடுத்தார்கள்.

இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் டார்கெட் அட்டை. நடுவில் கறுப்பு வட்டம். அவள் சுட்ட குண்டுகள் ஒன்றுகூட வட்டத்துக்குள் போகவில்லை. ஆனால் சிதறவும் இல்லை. எல்லாம் ஒரே இடத்தில், வட்டத்துக்குக் கீழே இடப்பக்கம், ஓர் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவுக்கு நெருக்கமாக விழுந்திருந்தன.

"யக்கா, டார்கெட்டு நடுவுல இருக்குது. நீ இன்னா அந்தாண்ட புல்லு அறுத்துனுகீற?" என்றான் பாண்டியன். அணியிலேயே நன்றாகச் சுடுகிறவன் அவன்தான். வாய் அதைவிட நன்றாகச் சுடும்.

"புல்லு உனக்குத்தான்டா, எடுத்துனு போய் தின்னு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் குண்டுகள் அதே இடத்தில்தான் விழுந்தன. சிரிப்பு நின்று வேறொரு பேச்சு தொடங்கியது.

துப்பாக்கி பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வலது கைக்காரன் சுடுகிற குண்டு இடப்பக்கம் கீழே போனால், அநேகமாக அவன் கை பயப்படுகிறது என்று அர்த்தம். விசையை இழுக்கிற கணத்தில், வரப்போகிற சத்தத்தையும் உதைப்பையும் நினைத்து, மனசுக்குத் தெரியாமலேயே விரல்கள் இறுகிவிடும். பிஸ்டலின் மூக்கு கீழே குனியும். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது. ஆகவே பொன்மலரின் அட்டையைப் பார்த்தவர்கள் அவளைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அட்டையே சொல்லிவிட்டது.

இருந்தாலும் இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஏட்டு இஷ்தியாக் அகமதுவைக் கூப்பிட்டு பிஸ்டலைச் சோதிக்கச் சொன்னார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம். பாய் ஒரு மேசை போட்டு, அதன்மேல் வழக்கமான மூட்டையை வைத்து, பிஸ்டலின் குழாயை அதன்மேல் சாய்த்துச் சுட்டார். கை நடுக்கம் கலக்காமல் பிஸ்டல் மட்டும் எங்கே சுடுகிறது என்று தெரிந்துகொள்ள அப்படித்தான் செய்வார்கள்.

ஐந்து குண்டுகளும் வட்டத்தின் உயரத்திலேயே விழுந்தன. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருந்தன, அவ்வளவுதான்.

"இடது பக்கம் தள்றது பிஸ்டலு. அதைத் தட்டி சரி பண்ணிடலாம் ஐயா" என்றார் பாய். பிறகு பொன்மலரைப் பார்க்காமல், "கீழ போறது பிஸ்டல் இல்ல" என்றார்.

இன்ஸ்பெக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

"பயம் வர்றது தப்பு இல்லம்மா. எனக்கே வந்துருக்கு. ஆனா பயப்படுறவங்களைக் கூட்டினு போய் நாலு மாவட்டத்துக்கு முன்னாடி நிக்க முடியாது. வெள்ளிக்கிழமை பேரு அனுப்பணும்."

பொன்மலர் நேராக நின்றபடி சொன்னாள்: "பேரை எடுத்துடுங்க ஐயா, பரவால்ல. பயம்னு சொல்லி எடுக்காதீங்க."

"வேற இன்னான்னு சொல்றது?"

"எனக்குப் பயம் இருக்குது ஐயா. இல்லன்னு சொல்லல. ஆனா அது கைக்கு வரல. எனக்குத் தெரியும்."

ஒரு காவலர் மேல் பயந்தவர் என்ற பேச்சு விழுந்தால் அது பணி முழுக்கக் கூட வரும். கலவரம் நடக்கிற இடத்துக்கு லாரி கிளம்பும்போது, அந்த ஆளை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றிக்கொள்வார்கள். பெண் என்றால் அந்தப் பேச்சு அவளோடு மட்டும் நிற்காது. இனி எந்தப் பெண்ணையும் அந்த அணிக்குக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு இது எல்லாம் தெரிந்திருந்தது.

பாய்க்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் கையில் இருக்கும் பயத்தை அவளுக்கே காட்டிவிட்டால் சண்டை போடாமல் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

"இங்க வா பொன்மலரு. நான் தோட்டா ரொப்பித் தர்றேன். நடுவுல எங்கனா டம்மி இருக்கும். எதுன்னு உனக்குத் தெரியாது. சும்மா சுடு, போதும்."

டம்மி என்பது மருந்து இல்லாத தோட்டா. வெடிக்காது. சுடுகிறவனுக்கு அது வரப்போவது தெரியாது என்பதால், வெடிக்கும் என்றே நினைத்து விசையை இழுப்பான். வெடிக்காதபோது, சத்தமும் உதைப்பும் இதுவரை மறைத்துவைத்திருந்த பயம் அப்பட்டமாக வெளியே வந்துவிடும். பிஸ்டல் தலையைக் குனிந்து கும்பிடு போடும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதில் மாட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாய் முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தார். பொன்மலர் கையை நீட்டினாள். வெடித்தது. மறுபடி வெடித்தது. மூன்றாவது முறை 'டிக்' என்று மட்டும் கேட்டது.

நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். பிஸ்டலின் முனை அசையவில்லை. கொஞ்சமாக அசைந்தது, சரியாகக் கவனிக்க முடியவில்லை என்றெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. அது அசையவே இல்லை. நீட்டிய கையும் பிஸ்டலும் பின்னால் இருந்த மலையும் ஒரே கல்லில் செதுக்கியதுபோல நின்றன. அவள் மணிக்கட்டுக்குக் கீழே வியர்வை ஒரு துளி ஓடியதைப் பார்த்தேன். அந்தக் கையில் நகர்ந்தது அது ஒன்றுதான்.

"ஊகிச்சுட்டா" என்று பாண்டியன் முணுமுணுத்தான்.

பாய் மறுபடி நிரப்பினார். இந்த முறை முதல் தோட்டாவே டம்மி. டிக். அசைவில்லை. அடுத்ததும் டம்மி. அதற்கடுத்தது வெடித்தது. மறுபடி டிக். பாய் அவள் பக்கத்தில் குனிந்து, கண்ணை பிஸ்டலின் முனைக்கு நேராக வைத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றார். "இன்னொரு தரம்" என்றார். இன்னொரு தரமும் அப்படியே.

வெடித்த குண்டுகள் டார்கெட்டில் எங்கே விழுந்திருந்தன தெரியுமா? அதே இடத்தில். இடப்பக்கம், கீழே.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆலயத்தில்கூட எனக்கு அப்படி ஆனது குறைவு. இத்தனை பேர் நின்று, நீ பயந்தவள் என்று சொன்ன பிறகு, அதைக் கேட்டுக்கொண்டே, அந்தக் கை எப்படி அப்படி நின்றது?

பாய் நிமிர்ந்தார். "அல்லா!" என்றார். பிறகு, "அப்போ என் மூட்டை பொய் சொல்லுதா?" என்றார்.

அந்த மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் இதற்கு மணல்மூட்டை வைப்பார்கள். மணல் கசிந்து பிஸ்டலுக்குள் போய்விடுகிறது என்று, பாயின் மச்சான் வாஹித் பாஷா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒரு மூட்டை நிறையக் கழிவுத்தோல் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கா பஞ்சம்? அடுப்புக்கு, பள்ளம் நிரப்ப, உட்கார, எல்லாவற்றுக்கும் தோல் துண்டுதான். சுத்தமாக இருந்தது, கசியவில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போனது.

பொன்மலர் மூட்டையருகே போய் உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் மூட்டை எழும்பி வந்தது.

"கம்பெனில டிபன் நேரத்துக்கு இதுமேலதான் பாய் உக்காருவோம். யாராச்சும் எழுந்தா பக்கத்துல இருக்கறவள தூக்கிப் போட்டுடும்" என்றாள். "இது பிஸ்டலையும் தூக்குமோ?"

பாய் இரண்டு காவலர்களை அனுப்பி ஒரு சாக்கில் மணல் அள்ளிவரச் சொன்னார். இந்த முறை பிஸ்டலை மூட்டைமேல் வைக்கவில்லை. தன் மணிக்கட்டுகளை மட்டும் மணல்மேல் வைத்து, பிஸ்டல் எதிலும் படாமல் பிடித்துச் சுட்டார். ஐந்து குண்டுகள். போய்ப் பார்த்தோம்.

இடப்பக்கம், கீழே. பொன்மலரின் குண்டுகள் விழுந்த அதே இடம்.

தோல்மூட்டை ஸ்பிரிங் போல உதைத்து, ஒவ்வொரு வெடியிலும் குழாயை மேலே தள்ளியிருக்கிறது. கீழே சுடுகிற பிஸ்டலை நேராகச் சுடுகிற பிஸ்டலாகக் காட்டியிருக்கிறது.

"என் கல்யாணத்துக்குக்கூட என் மச்சான் ஒண்ணும் குடுக்கல. இந்த ஒரு மூட்டை குடுத்தான். அதுலயும் எனக்கே ஆப்பு" என்றார் பாய். சிரித்தார், ஆனால் முகம் வெளுத்திருந்தது. அந்த மூட்டையில் வைத்துத்தான் எல்லாப் பிஸ்டல்களையும் அவர் சோதித்திருந்தார்.

அன்று பிற்பகல் அந்தப் பிஸ்டலைத் திருத்தினார்கள். இந்த வகைப் பிஸ்டலில் குறிபார்க்கும் பாகங்களைத் திருகித் திருப்பச் சக்கரம் எதுவும் கிடையாது. முன்னால் நிற்கும் சின்னத் தகடு உடம்போடு சேர்ந்தது. பின்னால் இருக்கும் பிளவுத்துண்டு, ஒரு பள்ளத்தில் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். முன்தகட்டைப் பின்பிளவின் நடுவில் வைத்துப் பார்ப்பதுதான் குறி. குண்டு வலப்பக்கம் போக வேண்டுமென்றால் பின்பிளவை வலப்பக்கம் தட்ட வேண்டும். மேலே போக வேண்டுமென்றால் முன்தகட்டை அரத்தால் இழைத்துக் குட்டையாக்க வேண்டும். குட்டையான தகட்டைப் பிளவின் உயரத்துக்குக் கொண்டுவர, சுடுகிறவர் குழாயைத் தூக்குவார். குண்டும் மேலே ஏறும்.

"இழைச்சது இழைச்சதுதான் ஐயா. ஒட்ட வெக்க முடியாது" என்று பாய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "ஜாஸ்தி போயிடுச்சுன்னா பிஸ்டல் வீணாப்போச்சு. சர்க்கார் சொத்து. நான்தான் பதில் சொல்லணும்."

"நான் சொல்றேன் பதில். பண்ணுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவளைப் பயந்தவள் என்றதற்கும் அதை எல்லோர் முன்னாலும் சொன்னதற்கும் சேர்த்து அவர் அன்று கேட்ட மன்னிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

பாய் பிஸ்டலை வைஸின் இரும்புத் தாடைகளுக்குள் இறுக்கினார். பின்பிளவின்மேலும் அதன் கீழிருந்த இரும்பின்மேலும் சேர்ந்தாற்போல ஊசியால் மெல்லிய கோடு ஒன்று கீறினார், எவ்வளவு நகர்ந்தது என்று தெரிவதற்காக. பித்தளைக் குச்சியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். கீறிய கோடு இரண்டாக உடைந்து, மேல்பாதி மயிரிழை விலகி நின்றது.

"போதுமா பாய்?" என்று நான் கேட்டேன். அவ்வளவு சின்ன நகர்வு எதற்குப் போதும் என்று எனக்குப் புரியவில்லை.

"நகத்தைப் பாருங்க சார். நகம் இன்னா தடிமன் இருக்கும்? அதுக்குத்தான் அங்க ஒரு கைப்பிடி அளவு வித்தியாசம்."

பொன்மலர் சுட்டாள். குண்டுகள் வலப்பக்கம் நகர்ந்து வட்டத்துக்கு நேர்கீழே வந்து நின்றன. பாய் சொன்ன கைப்பிடி அளவு அப்படியே. நான் என் கட்டைவிரல் நகத்தையும் அந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நகத்தளவு, அங்கே வாழ்வும் சாவும்.

அடுத்து அரம். நான்கு இழைப்பு இழைத்தார். பொன்மலர் சுட்டாள், ஏறியது. இரண்டு இழைப்பு. சுட்டாள். இன்னும் ஏறியது. கடைசியில் பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு இழைப்பு இழைத்தார். இழைத்த இடத்தில் இரும்பு வெள்ளையாகப் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன் புகையைத் தகட்டில் பிடித்துக் கறுப்பாக்கி அவளிடம் கொடுத்தார்.

அவள் ஐந்து குண்டுகள் சுட்டாள். பாண்டியன்தான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினான்.

"நடுவுலக்கா! எல்லாம் நடுவுல! ஒரு டீ டம்ளர் வெச்சா மூடிடும்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை உன் பேரும் போகுதும்மா" என்றார்.

மண்டலப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். அதன்பிறகு நோய் வந்து படுக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் அணியில் இருந்தாள். எங்கள் கல்யாணம் அந்தப் போட்டிக்கு அடுத்த ஆண்டு. ஆனால் அவளை நினைக்கும்போது எனக்குக் கோப்பைகள் நினைவுக்கு வருவதில்லை. அன்று இன்ஸ்பெக்டர் அவள் பெயரும் போகும் என்று சொன்னதும் அவள் கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது.

"ஐயா, இந்தப் பிஸ்டலை எனக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க?"

இன்ஸ்பெக்டர் பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார்.

"மூர்த்தி" என்றார் பாய். "போன வருஷம் டீம்ல இருந்து எடுத்துட்டாங்களே, அவன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

யாரும் சொல்லத் தேவையில்லை. மூர்த்தியின் அட்டையும் அதே பாடத்தைத்தான் சொல்லியிருக்கும்.

"அவரைக் கூப்பிடுங்க ஐயா" என்றாள்.

மூர்த்தி அன்று நீதிமன்றத்தில் கைதிகளுக்குக் காவல் முடித்து வந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், நாட்றம்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். கூப்பிட்டதும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தே வந்தார். பிஸ்டலைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் ஐயா. எனக்கு வராது. அதான் தெரிஞ்சுபோச்சே."

"அண்ணே, அஞ்சே ரவுண்டு. எனக்காக" என்றாள் பொன்மலர்.

அவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பிஸ்டலை வாங்கினார். முதல் குண்டுக்குமுன் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஐந்தையும் சுட்டார். பிஸ்டலில் தோட்டா மிச்சமில்லை என்று பார்த்துப் பாயிடம் கொடுத்துவிட்டு, அவரே டார்கெட்டை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

அவளுடையது போல நெருக்கமாக இல்லை. ஆனால் ஐந்தும் கறுப்புக்குள் இருந்தன. மூர்த்தி ஒவ்வொரு துளையாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"ஒரு வருஷமாச்சும்மா. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லிட்டேன், எனக்குப் பயம் வந்துடுச்சு, இனிமே அவ்ளோதான்னு. நானே நம்பிட்டேன்."

"இன்னிக்குப் போய் மாத்திச் சொல்லுங்கண்ணே" என்றாள் பொன்மலர்.

சுட்ட அட்டைகளையும் நான்தான் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மூர்த்தி தன் அட்டையை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, துளைகள் கிழியாமல் மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை.